நாலு விரல் அகலத் தண்ணீர்

கடன் கொடுத்த வங்கியே, தன் திட்டத்தால்தான் விளைச்சல் குறைந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. 1988இல் ஆசிய வளர்ச்சி வங்கி அதைச் செய்தது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் தான் பணம் போட்ட பாசனத் திட்டம் எப்படிப் போனது என்று பார்த்து எழுதிய தணிக்கை அறிக்கை அது. ஊரில் காலங்காலமாக இருந்த முறையை ஒதுக்கிவிட்டு உயர் தொழில்நுட்பத்தையும் அலுவலக நிர்வாகத்தையும் கொண்டுவந்தது நேர்எதிரான பலனைத் தந்தது, 1982 முதல் 1985 வரை விளைச்சலும் சாகுபடிப் பரப்பும் சரிந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான், பழைய முறையின் அருமை தெரியாமல் போனதற்குக் கொடுத்த விலை பெரிது என்பது அதன் சாரம். வங்கி மொழியில் இதற்கு மேல் கன்னத்தில் போட்டுக்கொள்ள முடியாது.

வெளிநாட்டுக் காசில் நடக்கும் தண்ணீர்த் திட்டங்களைப் பற்றி நம்மூரில் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான். வருகிற காசை ஏன் தடுக்கிறீர்கள் என்பது ஒன்று. எல்லாம் அந்நியச் சதி என்பது மற்றொன்று. பாலியில் நடந்தது இரண்டிலும் சேராது. அங்கே யாரும் சதி செய்யவில்லை. நன்றாகப் படித்த, நல்லது செய்ய நினைத்த பொறியாளர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அவர்கள் கணக்கில் தண்ணீர் இருந்தது, நெல் இருந்தது, சிமெண்ட் இருந்தது. கோயில் மட்டும் இல்லை. கோயில் என்றால் பண்பாடு, பண்பாடு என்றால் வேறு துறை என்று விட்டுவிட்டார்கள். அங்கே தண்ணீர் அட்டவணை போட்டுக்கொண்டிருந்ததே அந்தக் கோயில்கள்தான்.

பாலி சின்னத் தீவு, நடுவில் எரிமலைகள். மழைத் தண்ணீர் ஆறாக இறங்கிவரும்போது எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையை அறுத்து அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கிவிட்டது. ஆறு அதல பாதாளத்தில் ஓடும். வயலோ மேலே மலைச்சரிவில், படிப்படியாக. பக்கத்திலேயே ஆறு இருந்தும் இறைக்க முடியாது. அதனால் மலையில் இன்னும் மேலே போய் ஆற்றைத் தடுத்து, பாறைக்குள் சுரங்கம் குடைந்து, வாய்க்கால் வழியாகத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட சாசனத்திலேயே சுரங்கம் தோண்டும் தொழிலாளர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நம்மூரில் சோழர்கள் மறுபடி தலையெடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்குகிற எல்லா விவசாயிகளும் சேர்ந்த அமைப்புக்கு சுபாக் என்று பெயர். தலைவர் பெக்காசே. எப்போது நாற்று விடுவது, எப்போது நடுவது, வாய்க்கால் தூர்வார யார் வர வேண்டும், வராதவருக்கு என்ன அபராதம் எல்லாம் சுபாக் கூட்டத்தில் முடிவாகும். கிராம நிர்வாகம் வேறு, சுபாக் வேறு. ஒரே ஊர்க்காரர் இரண்டு மூன்று சுபாக்கில் இருக்கலாம், நிலம் எங்கெங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து.

உபுத் என்ற ஊருக்கு வடக்கே ஒரு சுபாக்கின் பங்கீட்டுக் கட்டையை நேரில் பார்த்தேன். சுற்றுலாவாகத்தான் போயிருந்தோம். எங்களைக் காரில் கூட்டிப்போனவருடைய அப்பா அங்கே உறுப்பினர், எழுபதைத் தாண்டியவர். வரப்பில் வழுக்காமல் நடக்க நாங்கள் தடுமாறிக்கொண்டிருக்க அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதன் மேல்விளிம்பில் சதுரமாகச் செதுக்கிய வெட்டுகள், ஒன்று அகலமாக, ஒன்று குறுகலாக. வெட்டுகளின் அடிமட்டம் எல்லாம் ஒரே உயரம். மேலிருந்து எவ்வளவு தண்ணீர் வந்தாலும், கூடினாலும் குறைந்தாலும், வெட்டின் அகலத்துக்குத் தக்கபடி பிரிந்து போகும். பெரியவர் குறுகிய வெட்டுக்குள் நாலு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார். அந்த அகலம் ஒரு பங்கு. அதை தெக்தெக் என்கிறார்கள். மீட்டர் கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. கட்டையை ஒரு விரல் செதுக்கினாலும் அந்த வழியாகக் களையெடுக்கப் போகிற பக்கத்து வயல்காரருக்குத் தெரிந்துவிடும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் இரும்பு ஷட்டரும் இருந்தது. துருப்பிடித்து, திருகுச் சக்கரம் அசையாதபடி கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். மகன் மொழிபெயர்த்துச் சொன்னார்: "அது கவர்மெண்ட்டோடது." பெரியவர் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் வயலுக்குள் நுழையும் மூலையில் சின்னதாக ஒரு மாடம். அங்கே நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீக்குப் பூவும் சோறும். சுபாக்குக்கு ஒரு கோயில். தடுப்பணைக்கு ஒரு கோயில். பல சுபாக்குகள் சேர்ந்து கூடும் கோயில் ஒன்று, அதை மஸ்செத்தி என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில், பாத்தூர் எரிமலையின் வாயில் தேங்கிய ஏரிக்குரிய உலுன் டானு பாத்தூர் கோயில். ஏரியின் தெய்வம் தேவி டானு. 1926இல் எரிமலை வெடித்து ஏரிக்கரையில் இருந்த கோயில் எரிகுழம்பில் புதைந்துபோக, மேலே மலை விளிம்புக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். அதன் தலைமைப் பூசாரி ஜேரோ கெடே. அவர் பிராமணர் அல்லர். முந்தையவர் இறந்தபின் சாமியாடி வாக்கில் ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் ஆயுள் முழுக்க அந்தப் பொறுப்பில் இருப்பார். புதிதாக வாய்க்கால் வெட்ட வேண்டுமா, இரண்டு சுபாக்குகளுக்குள் தண்ணீர்த் தகராறா, பூச்சி அதிகமா, விவசாயிகள் அங்கே போவார்கள். அறுவடையில் ஒரு பங்கு கோயிலுக்கு. கோயிலிலிருந்து தீர்த்தம் வயலுக்கு.

இதையெல்லாம் கேட்டால் பக்தி என்றுதான் தோன்றும். பக்தியும்தான். ஆனால் மஸ்செத்தி கோயில் திருவிழாவில் பெக்காசேக்கள் கூடி உட்கார்ந்தால் முக்கியமான பேச்சு, அடுத்த போகத்துக்கு எந்தெந்த சுபாக் எப்போது நடவு என்பது. அதில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது.

நெல்லுக்கு எலியும் பூச்சியும் பரம எதிரி. ஒரு பெரும் பரப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் வயலில் தண்ணீர் கட்டிப் போட்டுவிட்டால், பூச்சிக்குத் தின்ன எதுவும் இல்லை, தங்க இடமும் இல்லை. அழிந்துபோகும். நான் மட்டும் அறுத்துப் போட்டால் என் வயல் பூச்சி உங்கள் வயலுக்குக் குடிபோய், நான் நட்டதும் திரும்பி வந்துவிடும். ஆக, எத்தனை பேர் சேர்ந்து நடுகிறோமோ அத்தனை நல்லது. ஆனால் நடவுக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். ஆற்றோரம் இருக்கிற எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் கடைமடைக்கு ஈரம்கூடப் போகாது. சேர்ந்து நட்டால் தண்ணீர் போதாது, பிரிந்து நட்டால் பூச்சி. எத்தனை சுபாக் சேர்ந்தால் சரி? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு விடை இருக்கும். அந்த விடைதான் கோயில் கூட்டமாக உட்கார்ந்திருந்தது.

இதில் தலைமடைக்காரனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தண்ணீர் முதலில் அவனுக்குத்தானே வருகிறது, அவன் ஏன் கீழே இருக்கிறவனோடு பேசி நடவு நாள் குறிக்க வேண்டும்? பூச்சிக்குப் பயந்துதான். கீழே இருப்பவன் தண்ணீர் இல்லாமல் தன் இஷ்டத்துக்குத் தள்ளித் தள்ளி நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலே ஏறி வரும். கடைமடைக்காரனிடம் தண்ணீர் இல்லை, ஆனால் பூச்சி இருக்கிறது. பேரம் பேச அது போதும்.

1971 வாக்கில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. பிலிப்பைன்ஸில் அமெரிக்க அறக்கட்டளைகளின் பணத்தில் உருவான சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதைகள். நம் அப்பாக்கள் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் பேர்போன ஐ.ஆர்.8 நினைவிருக்கும். அதன் தாய்தந்தையரில் ஒன்று பேட்டா என்ற இந்தோனேசிய நெல். அப்புறம் ஐ.ஆர்.36. விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் சேர்ந்த மூட்டையை அரசு கடனில் கொடுத்தது. குறுகிய கால நெல், ஆகவே வருஷத்துக்கு எத்தனை போகம் முடியுமோ அத்தனை போகம் போடுங்கள், கோயில் அட்டவணைக்குக் காத்திருக்காதீர்கள் என்றார்கள். உர விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எரிமலை மண்ணைக் கழுவிக்கொண்டு வரும் அந்த வாய்க்கால் தண்ணீரிலேயே பாஸ்பரஸும் பொட்டாசியமும் கரைந்து வருகின்றன. அதையே சாக்கில் கட்டிக் கடனுக்கு விற்றார்கள்.

முதலில் நன்றாகத்தான் விளைந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு கண்டது. பசி தெரிந்தவர்கள் அதை லேசாகப் பேச மாட்டார்கள். ஆனால் பாலியில் சில வருஷங்களிலேயே தண்ணீர் முறை குலைந்தது. ஒரு வயலில் நாற்று, பக்கத்தில் கதிர், அதற்கடுத்து அறுவடை. பூச்சிக்குத் தினமும் விருந்து. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 வந்தது. அதைத் துங்ரோ நச்சுயிரி பிடித்தது. அதைத் தாங்க இன்னொரு ரகம், அதற்கு இன்னொரு நோய். மானிய விலை மருந்தை அடிக்க அடிக்க, புகையானைத் தின்கிற சிலந்தியும் பூச்சிகளும்தான் முதலில் செத்தன. கடைசியில் 1986இல் அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் அரசே நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்ய வேண்டி வந்தது.

இந்தக் குழப்பத்தின் நடுவில், 1979இல், ஆசிய வளர்ச்சி வங்கியின் பாலிப் பாசனத் திட்டம் தொடங்கியது. பழைய தடுப்பணைகளை கான்கிரீட்டில் கட்டுவது, பக்கத்துப் பக்கத்து சுபாக்குகளை ஒரே தலைமதகின் கீழ் கொண்டுவருவது, மரக்கட்டைகளை எடுத்துவிட்டு ஏற்றி இறக்கும் ரோமைன் வகை இரும்பு ஷட்டர்களை வைப்பது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் பயன்படுத்திய ஷட்டர் அது. அளவு துல்லியமாக எடுக்கலாம். ஆனால் அதை ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும், அவருக்கு அன்றைய நீரளவும் அட்டவணையும் தெரிந்திருக்க வேண்டும். மரக்கட்டையின் அகலத்தை நடந்துபோகிறவர் கண்ணால் பார்த்துவிடுவார். ஷட்டர் எத்தனை சென்டிமீட்டர் தூக்கியிருக்கிறது, அது நியாயமா என்று எந்த விவசாயிக்கும் பார்த்தால் தெரியாது. நெதர்லாந்தின் பாசனப் பொறியாளர் லூக்காஸ் ஹோர்ஸ்ட், விவசாயிகள் இந்த ஷட்டர்களை எப்படியெல்லாம் ஓரங்கட்டினார்கள் என்று பிற்பாடு ஆராய்ந்து எழுதினார். நான் பார்த்த கம்பிக் கட்டுக்கும் அதே கதைதான் என்று நினைக்கிறேன்.

கோயில் அட்டவணைக்கே திரும்பிவிடலாம் என்று விவசாயிகள் கேட்டபோது, திட்ட அதிகாரிகளுக்கு அது மதப் பிடிவாதமாகப் பட்டது. இவர்களுக்குத் தேவை தலைமைப் பூசாரி இல்லை, நீரியல் வல்லுநர் என்று ஓர் அமெரிக்கப் பொறியாளர் அலுத்துக்கொண்டதை மானுடவியலாளர் ஸ்டீஃபன் லான்சிங் எழுதிவைத்திருக்கிறார். லான்சிங் 1970களிலிருந்து பாலியில் வேலை செய்தவர். பூசாரியின் பக்கம் நின்று பேசினால் பொறியாளர் காதில் ஏறாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஜேம்ஸ் க்ரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து கணினியில் ஒரு மாதிரி உருவாக்கினார். ஓஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளில் இருந்த 172 சுபாக்குகள், மழை, ஆற்று நீர், நெல், பூச்சி எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு சுபாக்கும் தனித்தனியாக நட்டால் பூச்சி தின்றது. மொத்தமாக ஒரே நாளில் நட்டால் தண்ணீர் காய்ந்தது. இடைநிலையில், கிட்டத்தட்ட மஸ்செத்தி கோயில்கள் சேர்த்துவைத்திருந்த அளவில், விளைச்சல் உச்சத்துக்குப் போனது. அப்புறம் இன்னொன்று செய்துபார்த்தார்கள். கோயில் எதுவும் வைக்காமல், நாலு பக்கத்து சுபாக்கில் யாருக்கு நன்றாக விளைந்ததோ அவரைப் பார்த்து மற்றவர் அடுத்த வருஷம் நட வேண்டும் என்ற ஒரே விதி. சில வருஷ ஓட்டத்திலேயே கோயில் வட்டாரங்களைப் போன்ற கூட்டங்கள் தாமாகவே உருவாகின.

கணினி சொன்னதும் கேட்டார்கள் என்பது கொஞ்சம் கடுப்பாக இருக்கிறது. பெக்காசேக்கள் அதையேதான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பல பள்ளத்தாக்குகளில் விவசாயிகள் யார் அனுமதிக்கும் காத்திராமல் கோயில் முறைக்கே போய்விட்டிருந்தார்கள். வங்கி அறிக்கை வந்தது அதற்குப் பிறகு.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். மேற்கத்தியர் கெடுத்தார்கள், முன்னோர் ஞானம் காப்பாற்றியது. நம்மூர் வாட்ஸ்அப்பில் இந்த வகைக் கதைக்குக் கிராக்கி அதிகம். எனக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் 1965 என்று ஒரு வருஷம் இருக்கிறது. கம்யூனிஸ்ட் என்ற பேரில் அந்த வருஷக் கடைசியிலும் அடுத்த வருஷத் தொடக்கத்திலும் பாலியில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 80,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. தீவின் ஜனத்தொகையில் இருபதில் ஒருவர். அதற்கு முந்தைய வருஷங்களின் பெரிய சண்டை நிலச் சீர்திருத்தம், நெல்வயல் யாருக்கு என்பது. சுபாக்கில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள்தான் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். தண்ணீரை நாலு விரல் சுத்தமாகப் பங்கிடத் தெரிந்த சமூகத்துக்கு நிலத்தை அப்படிப் பங்கிடத் தெரியவில்லை. இதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து அதிகாரி வந்து புது விதையைப் போடு என்கிறார். குத்தகைக்காரர் எவராவது முடியாது என்று சொல்லியிருப்பாரா? இது என் ஊகம்தான். ஆனால் பசுமைப் புரட்சியைப் பாலி ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டது என்பதற்கு விதையின் வீரியம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பண்பாட்டைக் கவனிக்கவில்லை என்ற குறை 2012இல் தீர்ந்தது. வேறு விதமாக. யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஏறத்தாழ 19,500 ஹெக்டேர். பாத்தூர் கோயில், ஏரி, பாக்கெரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பாத்துக்காரு மலையடிவாரம், தாமன் ஆயுன் கோயில் எல்லாம் அதில் அடக்கம். தெய்வம், மனிதர், இயற்கை மூன்றோடும் இணக்கம் என்ற திரி ஹித கரண தத்துவத்தின் வெளிப்பாடு என்று பலகை சொல்கிறது. சொற்கள் சமஸ்கிருதம், ஆனால் அந்தச் சொற்றொடர் 1960களில்தான் புழக்கத்துக்கு வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் வருஷமாக அந்தப் பெயர் இல்லாமலே வேலை நடந்திருக்கிறது.

ஜத்திலுவி என்ற ஊரில் படிவயல்களைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். அழகு, சந்தேகமே இல்லை. வயலைப் பார்த்தபடி வரிசையாக உணவகங்கள், படம் எடுக்க மேடைகள். வயலில் ஒருவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பது கைபேசிகள் அவரைப் படம் எடுத்தன. அவருக்கு அந்தச் சீட்டுக் காசில் என்ன வரும் என்று விசாரித்தேன், ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. தெற்கே விடுதிகளும் நீச்சல்குளங்களும் இழுக்கிற தண்ணீரும், ஏறுகிற நிலவிலையும், ஹோட்டல் வேலைக்குப் போகிற பிள்ளைகளும் சுபாக்கை எந்த ஷட்டரையும்விட வேகமாகக் கரைக்கின்றன. முதல் சுற்றில் நிதி கொடுத்தவர்களுக்குக் கோயில் கண்ணில் படவில்லை. இரண்டாவது சுற்றில் கோயிலைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். இரண்டு சுற்றிலும் பெக்காசேயிடம், உங்கள் கூட்டம் நடக்க என்ன வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அப்படிக் கேட்ட திட்டமும் ஒன்று உண்டு, அதுவும் நமக்குக் கசப்பான ஓர் இடத்தில். இலங்கையின் கல்லோயா. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949 தொடங்கி ஓர் அமெரிக்க நிறுவனம் அணை கட்டியது. கீழே குடியேற்றத் திட்டம். 1956இல் அங்கேதான் தமிழர்கள் மீது கொலைவெறி அவிழ்த்துவிடப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இடதுகரை வாய்க்காலின் தலைமடையில் சிங்களக் குடியேறிகள், கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகள். 1970களின் முடிவில் வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, நாட்டிலேயே மோசமான பாசனத் திட்டம் என்று பேரெடுத்திருந்தது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் அதைச் சீரமைக்கப் பணம் கொடுத்தது. வழக்கமான சிமெண்ட் வேலையோடு ஒரு சின்ன ஒதுக்கீடு: படித்து வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை அமைப்பாளர்களாக எடுத்து, 1981இல் ஊர்களுக்குள் தங்க வைத்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பில் இருந்த விவசாய ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு. கார்னெல் பேராசிரியர் நார்மன் உப்ஹாஃப் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தப் பிள்ளைகள் சங்கம் பதிவுசெய்யவில்லை, தலைவர் தேர்தல் வைக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரு சின்ன வாய்க்காலில் பத்திருபது பேர்தான் இருப்பார்கள், அவர்களை ஒரு நாள் சேர்ந்து தூர்வார வைத்தார்கள். அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் கால்வாசிதான். அப்படியிருந்தும் சில வாரங்களுக்குள் தலைமடைக்காரர்கள் முறை வைத்துக் கட்டி, மிச்சத்தைக் கீழே விடத் தொடங்கினார்கள். கீழே இருந்தவர்கள் தமிழர்கள் என்று தெரிந்தே. 1983க்குப் பிறகு நாடு எரிந்தபோதும் இது முழுக்க அறுந்துபோகவில்லை. 1997 சிறுபோகத்தில், இருக்கிற தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு நிலத்துக்குக்கூடப் போதாது என்று அதிகாரிகள் சொன்னபோது, விவசாயிகள் தாங்களே பொறுப்பேற்று 65,000 ஏக்கரையும் விளைவித்துக் காட்டினார்கள் என்று உப்ஹாஃபும் அவருடைய இலங்கை சகாவும் பதிவுசெய்திருக்கிறார்கள்.

பூசாரி இல்லை, தெய்வம் இல்லை. வரப்பில் உட்கார்ந்து பேச ஒரு காரணமும், பேச்சைத் தொடங்கிவைக்க ஓர் ஆளும்தான் அங்கே இருந்தது. ஆனால் அந்த ஆளுக்கு என்ன ஆனது? அமைப்பாளர் வேலை தற்காலிகம். திட்டத்தில் நிரந்தரப் பணியிடம் உருவாக்கவில்லை. கூட்டம் கூட்டமாக வாத்தியார் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஊருக்குப் பழகிய ஒருவர் போக, புதியவர் வந்து மறுபடி முதலிலிருந்து.

உதவி நிதியில் எனக்குள்ள பெரிய குறை இதுதான், அது அந்நிய நிதி என்பது இல்லை. கட்டுவதற்குக் காசு உண்டு, படம் எடுக்கவும் விழா எடுக்கவும் காசு உண்டு, வருஷா வருஷம் ஒருவருக்குக் கூலி கொடுக்கக் கிடையாது. தொடர்செலவை உள்ளூரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வரும். உள்ளூர் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைத் திட்டம் கலைத்த பிறகு வரும் வரி அது.

எங்கள் ஊர்க் கண்மாயில் இது அப்படியே நடந்தது. சிவகங்கைச் சீமை, மழை பெய்தால் உண்டு. மடை திறக்க நீர்க்கட்டி இருந்தார், அவருக்குக் களத்தில் நெல் அளப்பார்கள். பிறப்பால் வந்த வேலை, கூலியும் அற்பம், அதைப் பெருமையாகப் பேச நான் தயாரில்லை. ஆனால் எந்த வயல் எப்போது காயும் என்பது அவருக்குத்தான் தெரியும். வெளிநாட்டு நிதி என்று பலகை வைத்த ஒரு திட்டத்தில் கல்மடையை இடித்து, திருகு ஷட்டர் வைத்து, சங்கம் என்று காகிதத்தில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். இனி ஷட்டர் இருக்கிறதே, நீர்க்கட்டி எதற்கு என்று நெல் அளப்பதை நிறுத்தினோம். அவர் மகன் திருப்பூர் போனார், போனதே நல்லது. ஷட்டர் சக்கரத்தை யாரோ கழற்றி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது மணல் மூட்டை.

போன தைப்பொங்கலுக்குப் போனபோது பெரியப்பா மகன் சொன்னார்: "தம்பி, இந்த வருஷம் சம்பளத்துக்கே ஒரு ஆளை வச்சுரலாம்னு பேசியிருக்கோம்யா. ஏக்கருக்கு இருநூறு ரூபா." யார் பிள்ளை என்று பார்க்காமல் வேலை தெரிந்தவரை வைப்பதாகப் பேச்சு. கூட்டம் இரண்டு தடவை நடந்திருக்கிறது. உள்ளூரில் இருப்பவர்கள் கொடுக்கத் தயார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களிடம் யார் வசூலிப்பது, குத்தகைக்காரர் கொடுப்பதா, சொந்தக்காரர் கொடுப்பதா என்பதில் பேச்சு நிற்கிறது. எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் அந்தப் பாசனத்தில். ஜிபே நம்பர் அனுப்புங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். சங்கத்துக்கு இன்னும் வங்கிக் கணக்கு ஆரம்பிக்கவில்லையாம்.